பாண்டிச்சேரி வீக்எண்ட்: ரூம் எங்க போடலாம்? 7,500 ரூபாய் கோடும் பெரிய வாய்க்காலும்

சேனல்ல போட்ட பாண்டிச்சேரி பட்ஜெட் வீடியோல ரூம் விஷயத்துக்கு ஒரு நிமிஷம்தான் ஒதுக்க முடிஞ்சுது. ஆனா ரெண்டு நாள் ட்ரிப்ல காசு அதிகமா போறதே ரூமுக்குத்தான். அந்த ஒரு நிமிஷத்தை இங்க விரிச்சு எழுதறேன். மொபைல்ல கால்குலேட்டரைத் திறந்து வெச்சுக்கிட்டே படிங்க.

பழைய ஐரோப்பிய ஊர் ஒண்ணுல ஓட்டம் இல்லாம ரெண்டு நாள் நடக்கணும், காபி குடிக்கணும், சும்மா உட்காரணும்னு நிறைய பேருக்கு ஆசை. அதுக்கு ஷெங்கன் விசா ஃபீஸ் மட்டுமே ஒரு ஆளுக்கு 90 யூரோ. சென்னையில இருந்து ஈசிஆர்ல சுமார் 150 கிலோமீட்டர் போனா, 1674-ல பிரெஞ்சுக்காரங்க காலூன்றி, 1954 நவம்பர் 1 வரைக்கும் ஆண்ட ஊர் இருக்கு. (சட்டப்படி கைமாறினது 1962 ஆகஸ்ட் 16. ரெண்டு தேதியுமே புதுச்சேரிக்காரங்களுக்கு முக்கியம்.)

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பா டிராவல் வீடியோ பார்த்தவங்க எல்லாரும் ஒரே டிப்ஸ் சொல்வாங்க: "பழைய டவுனுக்குள்ள ரூம் விலை ஜாஸ்தி, நாலு டிராம் ஸ்டாப் தள்ளிப் போடு, பாதி விலைல முடிஞ்சுடும்." அந்த ஊர்ல அது சரி, ஏன்னா டிராம் ராத்திரி வரைக்கும் ஓடும், டே பாஸ் எடுத்தா எத்தனை தடவை ஏறினாலும் ஒரே காசு. பாண்டிச்சேரியில டிராமும் இல்ல, மெட்ரோவும் இல்ல. தள்ளிப் போட்டா ஆட்டோ. ஆட்டோவுல மீட்டர் போடுவாங்கனு எதிர்பார்க்காதீங்க, ஒவ்வொரு தடவையும் பேரம்தான். அதனால இங்க ரூம் வாடகையை மட்டும் பார்த்து முடிவு எடுத்தா கணக்கு தப்பிடும்.

முதல்ல மேப்பைப் பாருங்க

கூகுள் மேப்ல புதுச்சேரியைத் திறந்தா, கடலோரமா ஒரு முட்டை வடிவம் தெரியும். வடக்கே சர்தார் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடல். இந்த நாலு எல்லைக்குள்ள இருக்கிறதுதான் பழைய ஊர். உள்ள எல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர் நேர் வீதிகள். பிரெஞ்சு டவுன்னு நாம சொன்னாலும், அந்தக் கட்ட பிளானைப் போட்டது 1693-ல இருந்து சில வருஷம் ஊரைப் பிடிச்சு வெச்சிருந்த டச்சுக்காரங்க. 1761-ல இங்கிலீஷ்காரங்க ஊரையே இடிச்சுத் தள்ளினாங்க, 1765-க்கு அப்புறம் திரும்பக் கட்டினாங்க. அதனால இன்னிக்கு நீங்க போட்டோ எடுக்கிற பழைய வீடுகள்ல ரொம்பப் பழசுன்னா பெரும்பாலும் அதுக்குப் பின்னாடி வந்ததுதான்.

இந்த முட்டையை வடக்கு தெற்கா வெட்டிக்கிட்டு ஒரு வாய்க்கால் ஓடுது. பெரிய வாய்க்கால். அதுக்குக் கிழக்கே, கடல் பக்கம், ஒயிட் டவுன்: ரூ டுமாஸ், ரூ ரொமைன் ரொலான், ரூ சுஃப்ரென்னு நாம இன்ஸ்டால பார்க்கிற மஞ்சள் சுவர், காகிதப்பூ எல்லாம் இந்தப் பக்கம். மேற்கே தமிழர் பகுதி: மிஷன் வீதி, வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி.

ரூம் தேடும்போது எல்லாரும் ஆப்ல "ஒயிட் டவுன்"னு ஃபில்டர் போடறாங்க. டிமாண்ட் அங்கயே குவியுது, விலை ஏறுது. வாய்க்காலைத் தாண்டி மூணு வீதி மேற்கே வந்தா அதே ஊர்தான், அதே பழமைதான். பீச்சுக்கு நடந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம். என் கணக்குல, சம்பளக்காரங்களுக்கு நல்ல டீல் பெரும்பாலும் இந்த மேற்குப் பக்கத்துலதான் இருக்கு. ஏன்னு நம்பரோட காட்டறேன்.

ஒரு ரூபாய் கூடினா 976 ரூபாய் கூடும்

ஹோட்டல் ரூம் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து மாறிடுச்சு. ஒரு நாளைக்கு ஒரு ரூமுக்கு 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம் (முன்னாடி 12). 7,500-ஐத் தாண்டினா 18 சதவீதம். இது இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரி இல்ல. இன்கம் டாக்ஸ்ல கோட்டைத் தாண்டின பகுதிக்கு மட்டும்தான் அடுத்த ரேட். இங்க தாண்டிட்டா முழுத் தொகைக்கும் 18.

ரூம் 7,500 ரூபாய்னா நீங்க கட்டறது 7,875. ரூம் 7,501 ரூபாய்னா 8,851. ஒரே ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு உங்க பாக்கெட்ல இருந்து 976 ரூபாய் கூடுதலா போகுது. ஒயிட் டவுன் ஹெரிடேஜ் ஹோட்டல்கள்ல வீக்எண்ட் ரேட் இந்தக் கோட்டை ஒட்டியேதான் நிறைய இருக்கும். வாரநாள்ல 6,500-க்குக் கிடைக்கிற ரூம், சனிக்கிழமை 8,000 ஆகுதுன்னு வைங்க. ஸ்க்ரீன்ல 1,500 ரூபாய் வித்தியாசம். டாக்ஸோட பார்த்தா 6,825-க்கும் 9,440-க்கும் வித்தியாசம், அதாவது 2,615. ஆப்ல முதல்ல கண்ணுல படறது டாக்ஸ் இல்லாத விலை, டாக்ஸ் சின்ன எழுத்துல கீழ இருக்கும். எப்பவும் கடைசி பேமெண்ட் ஸ்க்ரீன் வரைக்கும் போய்ட்டு ஒப்பிடுங்க.

இதுல ரெண்டு நுணுக்கம். ஒண்ணு பிரேக்ஃபாஸ்ட். ரூமும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒரே பேக்கேஜா வித்தா, ஜிஎஸ்டி பார்வையில அது மொத்தமும் தங்கும் சேவைதான். ரூம் மட்டும் 7,200, பிரேக்ஃபாஸ்ட்டோட 8,000னா, முதல்ல சொன்னதுக்கு நீங்க கட்டறது 7,560, ரெண்டாவதுக்கு 9,440. 800 ரூபாய் டிபன்னு நீங்க நினைக்கிறது 1,880 ரூபாய் டிபன். வெளிய ரெண்டு பேர் இட்லி, பொங்கல், காபின்னு சாப்பிட்டா 300 ரூபாய்க்குள்ள முடிச்சுடலாம். க்ரோசாண்ட் வேணும்னாகூட வெளிய பேக்கரியிலயே சாப்பிடுங்க.

இன்னொண்ணு கூப்பன். ஹோட்டலே டிஸ்கவுண்ட் கொடுத்து விலை 7,500-க்குக் கீழ வந்தா 5 சதவீதம். ஆனா ஹோட்டல் விலை 7,700, ஆப் தன் கையில இருந்து 300 ரூபாய் கூப்பன் கொடுக்குதுன்னா, ஹோட்டல் வாங்கற விலை இன்னும் 7,700தான். 18 சதவீதம் போகாது. இப்படி இருக்கும்போது ஹோட்டலுக்கே போன் பண்ணி, "நேரா புக் பண்ணினா 7,500-க்கு முடிச்சுத் தருவீங்களா?"னு கேளுங்க. ஆப்க்குக் கமிஷன் கொடுக்கிறதைவிட அவங்களுக்கும் இது லாபம், பல பேர் ஒத்துக்குவாங்க.

ஹோட்டலுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரண்ட்டையும் கவனிங்க. முந்தைய நிதியாண்டுல ஏதாவது ஒரு ரூமை 7,500-க்கு மேல வித்த ஹோட்டல்னா, அங்க இருக்கிற ரெஸ்டாரண்ட் பில்லுக்கும் 18 சதவீதம். வெளிய தனி ரெஸ்டாரண்ட்ல 5. 1,500 ரூபாய் டின்னருக்கு 195 ரூபாய் வித்தியாசம். ஒரு வேளைக்குப் பெருசில்ல, நாலு வேளைக்குப் பாருங்க.

5 சதவீத ரூமுக்கு ஹோட்டல்காரருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. பழைய வீட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்தரம்னு பார்த்துப் பார்த்துச் சரிபண்ற ஒருத்தர், அந்த வேலைக்குக் கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்க முடியாம தன் செலவாவே எடுத்துக்கணும். ஹெரிடேஜ் ரூம் ஏன் சாதா லாட்ஜைவிட விலை கூடன்னு கேட்கிறவங்களுக்கு இதுவும் ஒரு பதில்.

நாலு இடம், ஒரே ட்ரிப்

இப்போ ரெண்டு நண்பர்கள், ரெண்டு ராத்திரி. கீழ வர ரூம் விலையும் ஆட்டோ காசும் கணக்குப் புரியறதுக்காக நான் வெச்ச எண்கள், நீங்க புக் பண்ற தேதியில உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. முறை மாறாது.

ஒயிட் டவுன்ல ஒரு ஹெரிடேஜ் ரூம், பிரேக்ஃபாஸ்ட்டோட 7,800. டாக்ஸோட 9,204. ரெண்டு ராத்திரிக்கு 18,408. ஆட்டோ செலவு இல்ல, எல்லாம் நடைதான். தலைக்கு 9,204.

வாய்க்காலுக்கு மேற்கே பழைய வீட்டு கெஸ்ட் ஹவுஸ் 4,500. டாக்ஸோட 4,725, ரெண்டு ராத்திரிக்கு 9,450. வெளிய டிபன் ரெண்டு நாளைக்கு 600, வந்து போற ஆட்டோ 200. மொத்தம் 10,250. தலைக்கு 5,125.

ஈசிஆர்ல, செரினிட்டி பீச் பக்கம், 3,200. டாக்ஸோட 3,360, ரெண்டு ராத்திரிக்கு 6,720. ஊருக்குள்ள இருந்து அஞ்சாறு கிலோமீட்டர். காலையில ஊருக்கு வருவீங்க, மத்தியானம் வெயில் தாங்காம ரூமுக்குத் திரும்புவீங்க, சாயங்காலம் மறுபடி வருவீங்க, ராத்திரி போவீங்க. நாளைக்கு நாலு ட்ரிப், தடவைக்கு 250னா ரெண்டு நாளைக்கு 2,000. டிபன் 600. மொத்தம் 9,320. தலைக்கு 4,660.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் 1,800. டாக்ஸோட 1,890, ரெண்டு ராத்திரிக்கு 3,780. பீச்சுக்கு ரெண்டரை கிலோமீட்டர் சுமார். அதே எட்டு ட்ரிப், 120 ரூபாய்னா 960. டிபன் 600. மொத்தம் 5,340. தலைக்கு 2,670.

ரெண்டாவதையும் மூணாவதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆப்ல பார்க்கும்போது ராத்திரிக்கு 1,300 ரூபாய் வித்தியாசம், அதாவது ரெண்டு ராத்திரிக்கு 2,600. உண்மையில மிச்சம் 930தான். தலைக்கு 465. அந்த 465-க்காக எட்டு தடவை, தடவைக்கு 20 நிமிஷம்னு வெச்சாலும் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆட்டோவுல போகுது. இருக்கிறதே ரெண்டு நாள். ஓட்டம் இல்லாம இருக்கணும்னுதானே கிளம்பினோம்?

செரினிட்டி பக்கம் தப்பான இடம்னு சொல்லல. சர்ஃபிங் கத்துக்கப் போறவங்க, ஆரோவில்ல பகலைக் கழிக்கப் போறவங்களுக்கு அதுதான் சரி. பழைய ஊரைப் பார்க்க வரவங்களுக்கு இல்ல.

பைக் வாடகைக்கு எடுத்துட்டா ஆட்டோ செலவு குறையுமேன்னு கேட்பீங்க. குறையும். ஆனா கருப்பு நம்பர் பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியா பார்த்து எடுங்க. அதுதான் வாடகைக்கு விட அனுமதி வாங்கின வண்டி. வெள்ளை பிளேட் வண்டி சொந்த உபயோகத்துக்கானது. வாடகைக்கு ஓட்டும்போது விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளைமை மறுக்க அது போதுமான காரணம். நாளைக்கு நூறு ரூபாய் குறையுதுன்னு லட்சக்கணக்குல ரிஸ்க் எடுக்காதீங்க. அப்புறம், கடற்கரைச் சாலையில சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டியை விடமாட்டாங்க. அந்த நேரத்துல அங்க நடக்கறவங்களுக்குத்தான் ராஜ மரியாதை.

பஸ் ஸ்டாண்டு லாட்ஜைக் கேவலமா பார்க்காதீங்க. கையில எடுக்கிற சம்பளம் 25,000, வீட்டுக்கும் அனுப்பணும்னா அதுதான் சரியான சாய்ஸ், மனசுல குறையே வேண்டாம். இன்னொரு வழி அரவிந்தர் ஆசிரமத்தோட கெஸ்ட் ஹவுஸ்கள். கடற்கரைச் சாலையோட தெற்கு முனையில பார்க் கெஸ்ட் ஹவுஸ் கடலைப் பார்த்தே இருக்கு. குடி, சிகரெட் கூடாது, ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல கேட்டை மூடிடுவாங்க. அந்த ரூல்ஸ் ஒத்துவரும்னா அந்தக் காசுக்கு அந்தக் கடல் வேற எங்கயும் கிடைக்காது. நேரா அவங்ககிட்டயே முன்கூட்டிக் கேட்டுப் புக் பண்ணுங்க. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆசிரமத்தோட தரிசன நாட்கள், அந்த வாரங்கள்ல இடம் கிடைக்கிறது கஷ்டம். டிசம்பர் 31-ஐப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்.

மேற்குப் பக்கத்துல என்ன இருக்கு

"சார், மேற்குப் பக்கம் போனா பிரெஞ்சு ஃபீல் வராதே?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்.

வைசியாள் வீதியில ஒரு தடவை நடந்து பாருங்க. கீழ்த்தளம் தமிழ் வீடு: திண்ணை, மரத்தூண் தாங்கின தாழ்வாரம், உள்ள முற்றம். அதே வீட்டோட மாடி பிரெஞ்சு: வளைவு ஜன்னல், சுவரோட ஒட்டின தூண் அலங்காரம். இந்தக் கலப்பு பாரிஸ்லயும் கிடைக்காது, காரைக்குடியிலயும் கிடைக்காது. 2000-களோட தொடக்கத்துல ஐரோப்பிய யூனியனோட ஆசியா அர்ப்ஸ் திட்டத்துல, இத்தாலியோட உர்பினோவும் பிரான்ஸோட வில்நெவ் சுர் லோவும் கூட்டு சேர, இன்டாக் அமைப்பு இந்த வீதி முகப்புகளைச் சீரமைச்சுது. அதுக்கு 2008-ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் விருதும் கிடைச்சுது. பெருமாள் கோயில் வீதியில மைசோன் பெருமாள் மாதிரி பழைய வீடுகளே ஹோட்டலா மாறியிருக்கு. அதெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு மேலன்னாலும் ஒரு காபி குடிச்சுட்டு முற்றத்தைப் பார்த்துட்டு வரலாம்.

துய்ப்ளேக்சுக்கு துபாஷியா இருந்து 1736-ல இருந்து நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளையோட மாளிகை இந்தப் பக்கம்தான். பாரதியார் 1908-ல இருந்து பத்து வருஷம் இந்த ஊர்ல இருந்தார், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில அவர் இருந்த வீடு இப்போ நினைவில்லம். ஜென்மராகினி மாதா கோயில் மிஷன் வீதியில. ஞாயித்துக்கிழமை காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட். (காந்தி வீதிமேலயே ரூம் போட்டா அன்னிக்குக் கார் வாசலுக்கு வராது, முன்னாடியே கேட்டுக்கோங்க.)

இதுல எனக்கு ஒரு கவலையும் உண்டு. இந்தப் பழைய வீடுகள் பெரும்பாலும் அண்ணன் தம்பி, அத்தைன்னு பல பேருக்குப் பங்கு உள்ள சொத்து. பராமரிப்புக்கு வருஷா வருஷம் காசு போகும், வருமானம் வராது. பாகம் பிரிச்சு வித்தா, வாங்கறவர் இடிச்சுட்டு நாலு மாடி கட்டுவார். கணக்குப் பார்த்தா அவரைக் குறை சொல்ல முடியாது. பராமரிக்காத பழைய கட்டடம் என்ன ஆகும்னு ஊரே பார்த்திருக்கு: கடற்கரைச் சாலையில இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில அப்படியே விழுந்துடுச்சு. அதே தோற்றத்துல திரும்பக் கட்டி 2021-லதான் திறந்தாங்க. அது அரசாங்கக் கட்டடம், திரும்பக் கட்டினாங்க. விழற தனியார் வீட்டைத் திரும்ப அதே மாதிரி யார் கட்டுவா? அந்த வீட்டை நாலு ரூம் கெஸ்ட் ஹவுஸா மாத்தினா இடிக்காம இருக்கிறதுக்கு ஒரு வருமானக் காரணம் கிடைக்குது. நீங்க கொடுக்கிற 4,500 அந்தக் கணக்குல ஒரு வரி. ஒரே விலைக்குப் புதுக் கட்டட ஹோட்டலும் பழைய வீட்டு கெஸ்ட் ஹவுஸும் இருந்தா நான் பழைய வீட்டைத்தான் எடுப்பேன்.

பழைய வீட்டுல சிரமமும் உண்டு. லிஃப்ட் இருக்காது, படி செங்குத்தா இருக்கும். அப்பா அம்மாவோட போனா தரைத்தள ரூம் கேளுங்க. உயரமான கூரை, ஏசி குளிர நேரம் ஆகும். வீதியைப் பார்த்த ரூம் போட்டோவுல அழகு, ஆனா காலையில ஆறு மணிக்கே ஹார்ன். முற்றத்தைப் பார்த்த ரூம் கேளுங்க. வாய்க்கால் ஓரத்துலயே ரூம் வேண்டாம், கொசு.

அட்ரஸ்ல பாண்டிச்சேரி, பில்லுல தமிழ்நாடு

ஆப்ல "பாண்டிச்சேரி"ன்னு வர இடம் எல்லாம் பாண்டிச்சேரி இல்ல. கோட்டக்குப்பம், செரினிட்டி பீச், ஆரோவில்லோட பெரும்பகுதி எல்லாம் தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டம். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: ஜிஎஸ்டி எண்ணோட முதல் ரெண்டு இலக்கம். 34னா புதுச்சேரி, 33னா தமிழ்நாடு. புக் பண்றதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பாருங்க. பேரும் பதிவு உயிரோட இருக்கான்னும் தெரியும், லாகின்கூட வேண்டாம். அட்வான்ஸ் வாங்கிட்டுக் காணாம போற போலி "ஹோம்ஸ்டே" பேஜ்ல மாட்டாம இருக்க இது நல்ல முதல் சோதனை.

வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழ வரவு இருக்கிற சின்ன ஹோம்ஸ்டேக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல. பதிவு இல்லாதவங்க நேரா புக் பண்றவங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. பில்லுல எண் இல்லாம ஜிஎஸ்டின்னு ஒரு வரி மட்டும் இருந்தா, "இது யாருக்குப் போகுது?"ன்னு தன்மையா கேளுங்க. இப்பவும் 12 சதவீதம் போட்டிருந்தாலும் கேளுங்க.

கேன்சல் பண்ண முடியாத ரேட்

ஒரே ரூம். கேன்சல் பண்ணினா காசு திரும்பக் கிடைக்கிற ரேட் 5,000, கிடைக்காத ரேட் 4,500. எது லாபம்? நீங்க கேன்சல் பண்ற வாய்ப்பு பத்துல ஒண்ணுன்னா ரெண்டும் சமம்: பத்து தடவை ட்ரிப் பிளான் பண்ணி ஒரு தடவை போகலன்னா, முதல் ரேட்ல ஒன்பது முறை 5,000, அதாவது 45,000, ரெண்டாவதுல பத்து முறை 4,500, அதுவும் 45,000. வாய்ப்பு அதுக்கு மேலன்னா 5,000-தான் மலிவு. ஐடி வேலையில ரிலீஸ் வீக்எண்ட் இருக்கிறவங்க, நைட் ஷிஃப்ட் மாறறவங்க, பத்துல ஒண்ணுக்குள்ளன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இன்னும் கவனம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. அது ஒரு சனிக்கிழமை. இந்த மூணு மாசத்துல 500 ரூபாய் மிச்சத்துக்காக ரீஃபண்ட் இல்லாத ரேட்டைத் தொடாதீங்க.

செக்-இன் நேரத்தையும் பாருங்க. மத்தியானம் 1 மணிக்கு உள்ள, காலை 11 மணிக்கு வெளியன்னா ஒரு ராத்திரி காசுக்கு 22 மணி நேரம்தான். விடிகாலை பஸ்ல ஏழு மணிக்கு இறங்கறவங்களுக்கு 24 மணி நேர செக்-அவுட் இருக்கிற இடம் உபயோகம், அல்லது பையை வெச்சுக்கச் சம்மதிக்கிற இடம். முடிஞ்சா ஞாயிறு ராத்திரி தங்கி திங்கள் கிளம்புங்க. சனிக்கிழமை 8,000 சொல்ற ரூம் ஞாயிறு ராத்திரி 7,500 கோட்டுக்குக் கீழ இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு நாள் லீவ் போகும், அதோட மதிப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

எல்டிஏ இதுக்கு வேண்டாம்

"ஹோட்டல் பில்லை எல்டிஏல காட்டலாமா?"ன்னு கேட்காத ஆள் இல்ல. காட்ட முடியாது. எல்டிஏ விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இல்ல. அதுவும் பழைய வரி முறையில இருந்தாத்தான், புது முறையில விலக்கே கிடையாது. நாலு வருஷ பிளாக்குக்கு ரெண்டே பயணம். 2022–2025 பிளாக் முடிஞ்சு, இப்போ 2026–2029. சென்னை டு பாண்டி பஸ் டிக்கெட்டுக்கு அந்த ரெண்டுல ஒண்ணைச் செலவு பண்றது, நூறு ரூபாய் பொருளுக்கு ஆயிரம் ரூபாய் வவுச்சரைக் கிழிச்சுக் கொடுக்கிற மாதிரி. அந்தமானுக்கோ காஷ்மீருக்கோ குடும்பத்தோட ஃப்ளைட்ல போகும்போது எடுங்க.

காசு எங்கிருந்து? கையில வர சம்பளம் 40,000னா, ஒயிட் டவுன் ஆப்ஷன் ரூம் மட்டுமே மாசச் சம்பளத்துல 23 சதவீதம். மேற்குப் பக்கம் 13 சதவீதத்துக்குள்ள. மாசம் 1,500 ரூபாய் தனி ஆர்டி போட்டா ஆறு மாசத்துல 9,000, மேற்குப் பக்கம் ரூமும் போக வர செலவும் சாப்பாடும் அதுலயே முடிஞ்சுடும். "நோ காஸ்ட் இஎம்ஐ"ல ரூம் போடாதீங்க. வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சுக் காட்டினாலும், அந்த வட்டிமேல 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்க கார்டு ஸ்டேட்மெண்ட்ல தனியா வந்து நிக்கும்.

கடைசியா, கிளம்பும்போது பில். சர்வீஸ் சார்ஜ்னு 5, 10 சதவீதம் போட்டிருந்தா அது டாக்ஸ் இல்ல. தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிடுச்சு, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சுல அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லுங்க, மறுத்தா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன். ரூம் சுத்தம் பண்ணின அக்காவுக்கு டிப்ஸ் கொடுக்கணும்னு தோணினா அவங்க கையிலயே கொடுங்க.